துக்கம் விசாரிக்க வந்தவர்கள்

ஏஞ்சல் கொரியாவிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெட்டியிலிருந்த துணிகளில் பாதி இன்னும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. இரண்டு வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு வந்த பெண் என்று அம்மா சம்பூர்ணம் அவளை அடுப்புப் பக்கமே விடவில்லை.

"அங்க நீயே பொங்கி நீயே தின்னுக்கினு கெடக்கிற. இங்க இருக்கிற வரிக்கும் சும்மா உக்காரு" என்று சொல்லிவிட்டாள்.

சம்பூர்ணம் தையல்காரி. பூக்கடைச் சத்திரம் பக்கம் பட்டுப்புடவை எடுப்பவர்கள் ரவிக்கை தைக்க அவளைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். அப்பா ராஜவேலு பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஓட்டினார். தம்பி டேனியல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்தான். அந்தக் குடும்பத்திலிருந்து, ஏன், அந்தக் காலனியிலிருந்தே, விமானம் ஏறிப் படிக்கப் போன முதல் ஆள் ஏஞ்சல்தான். தென்கொரியாவில் குவாங்ஜு என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேட்டரி பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்த ஊரின் பெயர் சம்பூர்ணத்தின் வாயில் நுழையாது. யாராவது கேட்டால் "கொரியா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மார்கழி என்பதால் விடியும் முன்பே ஏகாம்பரநாதர் கோவில் பக்கமிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு வந்துகொண்டிருந்தது. ஏஞ்சல் தூக்கக் கலக்கத்தோடு தலைமாட்டிலிருந்த போனை எடுத்தாள். ஆராய்ச்சிக்கூட நண்பர்களின் குழுவில் செய்திகள் குவிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குழுவில் ஈ காக்கை இருக்காது. என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்து படித்தாள்.

பாங்காக்கிலிருந்து வந்த விமானம் ஒன்று, முவான் விமான நிலையத்தில் இறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதி எரிந்துகொண்டிருந்தது. குவாங்ஜுக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் அதுதான். விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போய்விட்டு வீடு திரும்புகிறவர்கள். குவாங்ஜுவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்தான் அவர்களுக்குச் சொந்த ஊர்.

அவள் அடுக்களை வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, எங்க ஊர்ல ப்ளேன் விழுந்துட்டுதும்மா."

சம்பூர்ணம் திரும்பினாள். "எந்த ஊர்ல?"

"எங்க ஊர்ல. குவாங்ஜு பக்கத்துல."

சம்பூர்ணத்துக்கு முகம் வெளுத்துப் போனது. "நீ வந்த ப்ளேனா பாப்பா?"

"இல்லம்மா. நான் சியோல் போயி அங்கேருந்து வந்தேன். இது வேற."

"உனுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"தெரியல. லேப்ல எல்லாரும் நல்லா இருக்காங்க."

"ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று சம்பூர்ணம் மாவுக் கையோடு மகளைக் கட்டிக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு அவளுக்கு முடிந்துபோனது. ஏஞ்சலுக்கு முடியவில்லை. அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டே கண்ணால் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே இரண்டு பேரைத்தான் உயிரோடு எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. அந்த எண்ணிக்கை மாறும் என்று அவள் காத்திருந்தாள். அது மாறவே இல்லை.

தேவாலயத்துக்குப் புறப்படுவதற்குள் சேதி தெருவுக்குப் போய்விட்டது. ராஜவேலு ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார். ஸ்டாண்டில் இருந்தவர்கள் டீக்கடையில் சொன்னார்கள். வாய்க்கு வாய் அது வளர்ந்து, தேவாலயம் முடிந்து வீடு திரும்பும்போது, ஏஞ்சல் அந்த விமானத்தில் வர வேண்டியவள், கடைசி நேரத்தில் டிக்கெட்டை மாற்றியதால் தப்பித்தாள் என்று ஆகியிருந்தது. தெருமுனையில் முனிசாமி தாத்தா அவளை நிறுத்தினார்.

"இன்னாமா, எமன் வாயிலருந்து தப்பிச்சிக்கினு வந்துட்டியாமே!"

"அப்படிலாம் ஒண்ணுமில்ல தாத்தா. நான் அந்த ப்ளேன்ல வரவே இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். வராததாலதான தப்பிச்ச!" என்று சொல்லி அவள் தலையில் கை வைத்தார். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சம்பூர்ணம் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "பாஸ்டரய்யா கிட்ட சொன்னேன். நியூ இயர் அன்னிக்கிக் காலைல ஆராதனைல உன்ன சாட்சி சொல்லச் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

சாட்சி என்றால், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் நின்று சொல்வது. நோய் தீர்ந்தவர்கள் சொல்வார்கள், வேலை கிடைத்தவர்கள் சொல்வார்கள். ஏஞ்சலே வெளிநாடு போக இடம் கிடைத்தபோது சொல்லியிருக்கிறாள்.

"இன்னான்னு சாட்சி சொல்றது?"

"ஆண்டவர் உன்னக் காப்பாத்துனாருன்னு."

"எதுலருந்தும்மா? நான் இங்க இட்லி சாப்ட்டுக்கினு இருந்தேன்."

"அதான் பாப்பா காப்பாத்துனது."

"அப்ப செத்துப் போனவங்கள?"

சம்பூர்ணத்தின் கை கரண்டியோடு நின்றது. "அதெல்லாம் நம்ம கேக்கக் கூடாது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனுக்கு அந்த நாடு தெரியாது, அந்த ஜனம் தெரியாது. எனுக்கு உன்னத்தான் தெரியும். நீ இங்க உக்காந்துக்கினு இருக்கிற. அதுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள்.

ராஜவேலு இருவரையும் பார்த்துவிட்டு, "சாப்புடும்மா, ஆறிப்போவுது" என்று மட்டும் சொன்னார்.

ஏஞ்சல் சாப்பிட்டாள். அம்மா சொன்னதில் தப்பு எதையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

மறுநாளும் அவள் போனைக் கையைவிட்டு வைக்கவில்லை. கொரியா முழுக்கத் துக்கம் அறிவித்திருந்தார்கள். வருஷக் கடைசிக் கொண்டாட்டங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்தார்கள். தினமும் அவள் நடந்து போகும் தெருவில் கடைக்காரர்கள் கருப்பு நாடா குத்திக்கொண்டு நிற்பதை வீடியோவில் பார்த்தாள். இங்கே காலனியில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. பிள்ளைகள் பட்டாசு வாங்கக் காசு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் கேக் மாவு கலக்கக் கூப்பிட்டபோது போய்க் கலக்கினாள்.

தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். செத்தவர்களில் எனக்கு யாரைத் தெரியும்? யாரையும் தெரியாது. அந்த நாட்டில் நான் யார்? படிப்பு முடிந்தால் விசாவும் முடியும். பிறகு ஏன் எனக்கு இப்படி இருக்கிறது? அங்கே இருந்திருந்தாலாவது கூட்டத்தோடு கூட்டமாக ஒரு வெள்ளைப் பூவை வைத்துவிட்டு வந்திருப்பாள். இங்கே இந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. யாரிடமாவது சொன்னால், "நீதான் நல்லா இருக்கிறியேமா" என்பார்கள்.

சாயங்காலம் டேனியல் ஷிப்ட் முடிந்து வந்தான். வழக்கமாக வந்ததும் அக்காவை வம்புக்கு இழுப்பவன், அன்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னிக்கி எங்க கம்பெனில கொஞ்ச நேரம் லைன நிறுத்திட்டாங்க. எங்க கொரியா மேனேஜரு இருக்காருல்ல, எப்பப் பாத்தாலும் கத்திக்கினே இருப்பாருன்னு சொல்லுவேனே, அவரு தல குனிஞ்சிக்கினு நின்னாரு. கண்ணுலருந்து தண்ணியா கொட்டுது. நாங்க அவ்ளோ பேரு இருந்தோம். ஒருத்தனுக்கும் இன்னா பண்றதுன்னு தெரியல."

"நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. மிஷின் ஆன் பண்ணாங்க, வேலைய பாத்தோம்." அவன் ஷூவைக் கழற்றினான். "போயி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்னு பஸ்ல வரும்போது தோணிச்சி. இன்னான்னு கேக்கிறது? பாஷ தெரியாது."

ஏஞ்சல் அவனுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். கொரியர்கள் துக்க வீட்டில் சொல்வது. அவன் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். மறுநாள் அவரிடம் சொன்னானா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வருஷத்தின் கடைசி நாள் மத்தியானம், ஆராய்ச்சிக்கூடத் தோழி ஹே-ஜின் ஒரு படம் அனுப்பினாள். இழுத்து மூடிய ஒரு கடைக் கதவு. கதவு நிறைய இரங்கல் எழுதி ஒட்டிய மஞ்சள் துண்டுக் காகிதங்கள். கீழே வெள்ளைச் சாமந்திக் கொத்துகள். படத்துக்கு அடியில் ஹே-ஜின் எழுதியிருந்தாள்: "உன்னுடைய யக்சானிம்."

ஏஞ்சல் அப்படியே தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அது அவள் அறைக்குக் கீழே, தெருமுனையில் இருக்கும் மருந்துக்கடை. அவள் குவாங்ஜுவுக்குப் போன முதல் குளிர்காலத்தில் கடும் ஜுரம் வந்து படுத்துவிட்டாள். பாஷை தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய் நடுங்கிக்கொண்டு நின்றாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள், தலை கொஞ்சம் நரைத்தவர், சீட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். மருந்துப் பொட்டலங்களின் மேல் எழுத்துக்குப் பதிலாக, காலைக்கு ஒரு சூரியனும் ராத்திரிக்கு ஒரு நிலாவும் பேனாவால் வரைந்து கொடுத்தார். சாப்பிட்ட பிறகு என்பதற்கு ஒரு கிண்ணத்தில் ஆவி பறப்பதுபோல வரைந்தார். பிறகு கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, இவள் கழுத்துத் துணியை இழுத்து நன்றாகச் சுற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு தலைவலி, பல்வலி எதற்கென்றாலும் அங்கேதான் போவாள். எங்கே வலிக்கிறது என்று சொல்வதற்கான கொரிய வார்த்தைகளை அந்தக் கடையில்தான் கற்றுக்கொண்டாள். வாங்கியது ஒரு பிளாஸ்திரியாக இருந்தாலும் சின்னப் பாட்டிலில் வைட்டமின் பானம் ஒன்றை அவர் கையில் திணித்து, "ஏன்ஜெல், சாப்பிட்டாயா?" என்று கேட்காமல் அனுப்பமாட்டார். மருந்துக்கடைக்காரரைக் கொரியர்கள் மரியாதையாக யக்சானிம் என்பார்கள். நம் ஊரில் டாக்டரம்மா என்பதுபோல. அவளும் மூன்று வருஷமாக அப்படித்தான் கூப்பிட்டாள். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

"அவங்க பேரு என்ன?" என்று ஹே-ஜினுக்கு எழுதினாள்.

"ஓ யூன்-சுக். பள்ளிக்கூடத் தோழிகளோடு போயிருந்தாராம்."

அன்று ராத்திரி வரை பாயில் படுத்துக் கிடந்தாள். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

புத்தாண்டுக் காலை ஆராதனைக்குத் தேவாலயம் நிறைந்திருந்தது. புதுத் துணியும் மல்லிகைப் பூவுமாகப் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சம்பூர்ணம் தான் தைத்த ரவிக்கைகள் எத்தனை முதுகில் இருக்கின்றன என்று வழக்கம்போல நோட்டம் விட்டாள். போதகர் ஒரு பாட்டு முடிந்ததும் ஏஞ்சலைக் கூப்பிட்டார். "நம்ம ராஜவேலு மகள், பெரிய ஆபத்துலேருந்து தப்பிச்சி நம்ம நடுவுல நிக்குது. வாம்மா, சபைக்குச் சொல்லு."

ஏஞ்சல் போய் மைக் முன்னால் நின்றாள். முன்வரிசையில் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றாள். "நான் அந்த ப்ளேன்ல வர இருந்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. அது உண்மை இல்ல. அந்த ப்ளேனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் எதுலேருந்தும் தப்பிக்கல."

சபையில் சலசலப்பு எழுந்தது. பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டினார். சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா அந்த ப்ளேன்ல என் தெருக்காரங்க இருந்தாங்க. நான் அங்க போன புதுசுல எனக்கு ஜுரம் வந்திச்சி. யாருமே தெரியாது. மருந்துக்கடை வெச்சிருந்த ஒரு அம்மா என்னைப் பாத்துக்கினாங்க. நேத்துதான் தெரிஞ்சிது, அவங்க அதுல இறந்துட்டாங்க. அவங்க பேருகூட எனக்கு நேத்துதான் தெரியும். ஓ யூன்-சுக். அவங்க சர்ச்சுக்குப் போவாங்களா, கோவிலுக்குப் போவாங்களா, எதுவும் எனக்குத் தெரியாது. அங்க இப்ப எல்லாரும் அழுதுக்கினு இருக்காங்க. நான் இங்க இருக்கிறேன். எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மைக்கிலிருந்து விலகி நின்றாள்.

நன்றி சொல்ல வந்த சபை அது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா பேரு இன்னொரு தரம் சொல்லும்மா."

சொன்னாள்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார் போதகர். சபை எழுந்தது. ஓயின் சுக்கு என்ற எங்கள் சகோதரிக்காக என்று அவர் ஜெபத்தைத் தொடங்கினார். பாதியில் அது உன்சுக்கி ஆனது. யாரும் சிரிக்கவில்லை. அவளோடு பயணம் செய்தவர்களுக்காக, அவர்களைத் தேடிக் காத்திருக்கிறவர்களுக்காக, அந்தத் தேசத்துக்காக என்று அவர் ஜெபித்துக்கொண்டே போனார். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இந்தச் சபையில் சாலை விபத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், கொரோனாவில் முகம்கூடப் பார்க்காமல் அனுப்பியவர்கள் இருந்தார்கள். அவரவர் துக்கம் அவரவருக்கு.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது ராஜவேலு கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார். மூங்கில் மண்டபம் தாண்டியதும்தான் சம்பூர்ணம் பேசினாள்.

"அத்தினி பேரு முன்னாடி உண்மை இல்லன்னுட்ட. நான் பொய் சொன்ன மாதிரி ஆயிப்போச்சி."

"நீ பொய் சொல்லலம்மா. ஊரு சொல்லிச்சி."

"நானும்தான் சொன்னேன். வர வேண்டியவதான்னு பாஸ்டரய்யா கிட்ட வாய் தவறி வந்துட்டுச்சி. நெனச்சிப் பாக்கவே அப்டிதான் இருந்திச்சி எனுக்கு. நீ அதுல இருந்தா இன்னா ஆயிருக்கும், இன்னா ஆயிருக்கும்னு." அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "போன் பண்ணி ஜுரம் ஜுரம்னு அழுவியே, அப்பவா அந்தம்மா மருந்து குடுத்தது?"

"அப்பதான்."

"நான் இங்க படுக்காம கொள்ளாம ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன். யாராச்சும் ஒருத்தர அனுப்புங்க ஆண்டவரேன்னு. ஏன் பாப்பா அவங்கள பத்தி எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"பேரே தெரியாதும்மா. யாருன்னு சொல்றது?"

சம்பூர்ணம் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புதுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய வாயில் புடவை கட்டிக்கொண்டாள். பிரியாணிக்கு ஊறவைத்திருந்த கறியை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்தாள். வெறும் ரசமும் சோறும் ஆக்கினாள். டேனியல் "இன்னாமா, நியூ இயரு அதுவுமா" என்று ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

சாயங்காலம் யாரும் கூப்பிடாமல் பெண்கள் வந்தார்கள். முதலில் சபையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து காமாட்சியம்மாள் வந்தாள். அவள் நெசவுக்காரர் வீட்டம்மாள், சபைக்கு வராதவள். ரவிக்கை வாங்க வந்த இடத்தில் சேதி கேட்டு, தைத்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். யாரும் பூ வைத்துக்கொண்டு வரவில்லை. பாயை விரித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். இழவு வீட்டில் உட்காருவது அப்படித்தான். பிறகு காமாட்சியம்மாள் தொடங்கினாள்.

"இன்னா வயசும்மா அவங்களுக்கு?"

"தெரியலங்க. அறுபது இருக்கும்."

"வீட்டுக்காரரு இருக்காரா?"

"தெரியல."

"புள்ளைங்க?"

"கேட்டதில்ல."

"சொந்த ஊரே அதானா, வாழ வந்த ஊரா?"

ஏஞ்சலுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று வருஷம் பார்த்த ஒரு மனுஷியைப் பற்றி ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை. கண்ணீர் வந்தது. உடனே சம்பூர்ணம் குறுக்கிட்டாள். வீட்டுக்கு மூத்தவளின் சாவுக்குப் பதில் சொல்லுகிறவள்போல நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

"பாஷ தெரியாத ஊர்ல எங்க பாப்பாவப் பாத்துக்கினவங்க. ஜுரத்துல நடுங்கிக்கினு போயி நின்னிருக்கா. கழுத்துல துணிய சுத்திவிட்டு அனுப்பிச்சிருக்காங்க. நான் பண்ண வேண்டியத அவங்க பண்ணாங்க."

"மகராசி" என்றாள் காமாட்சியம்மாள். மற்றவர்களும் தலையசைத்தார்கள். ஒருத்தி, "சோறு கீறு நல்லா ஆக்குவாங்களாமா?" என்று கேட்டாள். இது என்ன கேள்வி என்று ஏஞ்சலுக்கு முதலில் தோன்றியது. பிறகு, இப்படித்தான் எல்லாச் சாவிலும் கேட்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. போனவரைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துக்கொள்ள வேறு என்ன வழி? அவள் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னாள். சூரியன் படம், நிலா படம், வைட்டமின் பாட்டில், சாப்பிட்டாயா என்ற கேள்வி. பெண்கள் உச்சுக் கொட்டிக் கேட்டார்கள். புறப்படும்போது, இழவு வீட்டு வழக்கப்படி, போய்வருகிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. எழுந்து நடந்தார்கள்.

அன்றைக்குத்தான் ஏஞ்சல் சரியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் அவள் குவாங்ஜு திரும்பினாள். விமான நிலையத்தில் சம்பூர்ணம் மகளின் பெட்டியைக் கடைசிவரை தானே தள்ளிக்கொண்டு வந்தாள். "போவாத" என்ற வார்த்தை அவள் வாய்வரை வந்து திரும்பிப்போனது ஏஞ்சலுக்குத் தெரிந்தது.

குவாங்ஜுவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. துக்க நாட்கள் முடிந்துவிட்டாலும் ஊர் இன்னும் பழைய சத்தத்துக்குத் திரும்பவில்லை. மருந்துக்கடையின் இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே ஒரு பெரியவர் கடையைக் காலி செய்வதற்காகப் பெட்டிகளில் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதங்களைப் பனியில் நனையாமல் எடுத்து ஒரு தட்டில் வைத்திருந்தார். அவள் குனிந்து உள்ளே போய், டேனியலுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியத்தைச் சொன்னாள். அவர் எழுந்து நின்று தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். யக்சானிமின் கணவர்.

தான் யார் என்று சொன்னாள். இந்தியாவில் தன் ஊரில் இருந்தபோது சேதி தெரிந்தது என்றாள். ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து யக்சானிமைப் பற்றி விசாரித்தார்கள் என்றும் சொன்னாள்.

பெரியவருக்குப் புரியவில்லை. "என் மனைவியைப் பற்றியா? அவர்களுக்கு அவளைத் தெரியாதே."

"தெரியாது. அதனால்தான் கேட்டார்கள். என்ன வயது, பிள்ளைகள் உண்டா, சொந்த ஊர் எது என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மன்னியுங்கள்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். இன்னொன்றில் தானும் உட்கார்ந்தார். அறுபத்தொன்று என்றார். ஒரே மகள், பூசான் நகரில் நர்ஸாக இருக்கிறாள். யூன்-சுக் பிறந்தது தெற்கே ஒரு தீவில், கடற்பாசி காயவைத்து விற்கும் வீட்டில். கடை திறந்த நாளிலிருந்து சேர்ந்தாற்போல நாலு நாள் மூடியதே இல்லை, இந்தப் பயணத்துக்குத்தான் மூடினாள். சொல்லச் சொல்ல அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. இத்தனை நாளும் அவரிடம் அடையாளம் கேட்டார்கள், கையெழுத்துக் கேட்டார்கள், இழப்பீடு பற்றிப் பேசினார்கள். இப்படி யாரும் கேட்கவில்லை.

"அவர்கள் வேறு என்ன கேட்டார்கள்?" என்றார்.

ஏஞ்சல் தயங்கினாள். "நன்றாகச் சமைப்பாரா என்று ஒருவர் கேட்டார்."

பெரியவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுத்தமாக வராது. கஞ்சியைக்கூடத் தீய்த்துவிடுவாள்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் அழுது முடியும்வரை ஏஞ்சல் எழுந்திருக்கவில்லை.

அறைக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சம்பூர்ணம் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வயசு, மகள், தீவு எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். காமாட்சியம்மா வந்தால் சொல்ல வேண்டும் என்றாள். கஞ்சி தீய்ந்த கதையைக் கேட்டு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அந்தாளு இப்ப தனியாவா கெடக்கிறாரு?"

"மக லீவு முடிஞ்சி போயிட்டாங்களாம்."

"ஒரு தரம் போனாப் போதாது பாப்பா. அடுத்த வாரமும் போயிட்டு வா. பெட்டி கட்டறதுக்கு ஒரு கை குடு" என்றாள் சம்பூர்ணம்.

சனிக்கிழமை ஏஞ்சல் போனாள். போகிற வழியில் கஞ்சி விற்கும் கடையில் இரண்டு பேருக்குப் போதும்படி சூடாக வாங்கிக்கொண்டாள்.